அப்பாவைக் கரையில் நிறுத்திய கீரைப் பாத்தி

நம் வயதுக்காரர்களே, காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் உங்கள் மாடித்தோட்டம்தான் முதலில் வந்து நிற்கிறது. ஒருத்தி தக்காளியைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு சிரிக்கிறாள். இன்னொருத்தர் தொட்டியில் காய்த்த ஒற்றைக் கத்தரிக்காயை ஸ்கேல் வைத்து அளந்து படம் போடுகிறார். கீழே எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள், செடிகளோடு இருந்தால் மனசு அமைதியாகிவிடுகிறது என்று. நானும் ஒரு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டு, முட்டிக்குத் தைலம் தேய்க்கப் போய்விடுவேன். நீங்கள் எழுதுவது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுத் தோட்டம் யாருடைய மன அமைதிக்காகவும் வைத்ததில்லை. ஒரு ஆளைக் கட்டிப்போட வைத்தது. அந்த ஆள் என் அப்பா. கட்டியவள் என் அம்மா. கட்டை அவிழ்த்துவிட்ட புண்ணியவதி நான். முழுசாகப் படித்துவிட்டுப் பொம்மை போடுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. தூத்துக்குடியில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. அப்பா சங்கு குளிப்பவர். இடுப்பில் வலைப் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து எட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, மணலில் புதைந்து கிடக்கும் சங்கை எடுத்து வருவார். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம். அப்பாவைப் போல அடியில் நேரம் நிற்கிற ஆள் இந்தக் கரையில் இல்லை என்று சம்மாட்டியே சொல்வார். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்கு, அதாவது பாய்மரப் படகுக்கு, சொந்தக்காரர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது லேசில் நடக்காது. அதனால் பள்ளிக்கூடத்தில் என் நடையே தனியாக இருந்தது.

அந்த வருஷம் சித்திரையில், சீசன் முடிய நாலு நாள் இருக்கும்போது, மேலே வந்த அப்பா வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்கத் தெரியாமல் தண்ணீரைத் துழாவியிருக்கிறார். இடது காதில் ரத்தம். தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன்.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "ஒரு வருஷத்துக்குத் தலை தண்ணிக்குள்ள போகக் கூடாது. போனா அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள போகும், தலை சுத்தும். அடியில இருக்கும்போது மேல எது கீழ எதுன்னு தெரியாது. மேல வரோம்னு நினைச்சுக் கீழ போயிட்டிருப்பீங்க."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் அப்பா சொன்னார்.

"அவரு கடலக் கண்டாரா? மூணு மாசத்துல ஆறிரும்."

மற்ற வருஷங்களில் சங்கு சீசன் இல்லாத மாதங்களில் அப்பா மீன் வலைக்குப் போவார். இந்தத் தடவை வள்ளத்தில் ஏறினாலே தலை சுற்றியது. ஆகவே வீட்டில் இருந்தார். வீட்டுக்குள் வள்ளத்தையே கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது, எங்கே திரும்பினாலும் இடித்தது. கொதிக்கிற குழம்பைத் திறந்து பார்த்தார். என் நோட்டுப் புத்தகங்களை அடுக்குகிறேன் என்று எதையும் தேட முடியாமல் செய்தார். வீட்டை அப்போது ஓட்டியது அம்மாவின் தையல் மெஷின். அந்தச் சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்பது பைத்தியம் பிடிக்க வைக்கிறது என்று அதோடும் சண்டை போட்டார். எதிர்வீட்டுச் சேவலிடம் அவர் போட்ட சண்டையைத் தெருவே நின்று பார்த்தது.

அம்மா ஆற்றங்கரைக்காரி. ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், மடை திறந்தால் வாசல்வரை தண்ணீர் வருகிற நெல்வயல் ஊர். கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரு விதைகூட ஊன்றியதில்லை. எங்கள் பின்கட்டில் ஒரு பூவரச மரமும், உவர்த் தண்ணீர்க் கிணறும், கிளிஞ்சல் கலந்த வெள்ளை மணலும்தான் உண்டு. வைகாசியில் ஒரு நாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அந்த மணலைக் கொத்த ஆரம்பித்தாள். மாட்டுச் சாணத்தைப் போட்டுக் கிளறிக் கீரை விதை தூவினாள். புருஷன் படுத்துவிட்ட கவலையில் பிறந்த ஊர் நினைப்பு வந்துவிட்டது, பாவம் என்று தெரு பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா பின்வாசலில் உட்கார்ந்து குறை சொன்னார். "ஏளா, கச்சான் காத்து அடிக்கிற அடியில ஒன் கீரை எப்படி நிக்கும்?" கச்சான் எங்கள் மேல்காற்று. வைகாசி பிறந்தால் புழுதியை வாரிக்கொண்டு வரும். அவர் சொன்னபடியே முளைத்த கீரையெல்லாம் மணலில் புதைந்தது. அம்மா மறுபடியும் தூவினாள். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. சம்மாட்டி வீட்டிலிருந்து கிழிந்த வள்ளப் பாய் ஒன்றை வாங்கிவந்து, கோணி ஊசியால் தைத்து, இரண்டு கம்புகளுக்கு நடுவில் மேற்குப் பக்கமாக இழுத்துக் கட்டினார். கீரை பிழைத்துக்கொண்டது.

அதோடு நின்றிருந்தால் இது கதையே இல்லை. மீன் கழிவைப் புதைத்தால் மண்ணுக்கு நல்லது என்று அம்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தாள். தைத்த துணிகளைக் கொடுக்க அவள் ஆறுமுகநேரிக்குப் போன அன்று, அப்பா ஒரு கூடையோடு பின்கட்டுக்குப் போனார். பச்சை மீனுக்குப் பதிலாகச் சாளைக் கருவாடு கொண்டுவந்திருந்தார். பச்சை மீன் இரண்டு நாளில் அழுகிவிடும், கருவாடு என்றால் மாதக் கணக்கில் நிற்கும், செடி மெதுவாகச் சாப்பிடட்டும் என்று எனக்கு விளக்கம் வேறு. சாணுக்கு ஒரு கருவாடாக, தலையெல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி, அழகாக வரிசையில் புதைத்தார். மண்ணை நான்தான் தள்ளி மூடினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊரில் உள்ள பூனைகள் அத்தனையும் எங்கள் மதிலில். பூனை விட்டுவைத்த கீரையும் நாலே நாளில் ஓரம் கருகி, வெந்தது போலச் சாய்ந்தது. அம்மா விரலால் தோண்டி ஒரு சாளையை வெளியே இழுத்தாள். மோந்து பார்த்தாள்.

"இது என்னது?"

"உரம்."

"உப்புக் கருவாடா?"

அப்பா பூவரச மரத்தைப் பார்த்தார்.

"கருவாட்டுல உப்பு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அது தெரியாம என்ன? செடிக்கு உப்பு ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நமக்கு ஆகுதுல்லா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருவாட்டைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அப்பா முதலில் முறைத்தார், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். எனக்கு எதற்கென்று தெரியாமலே ஒரே சந்தோஷம்.

மண்ணிலிருந்து உப்பை எடுக்க நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் தெருக்குழாயில்தான், விடிகாலையில்தான் வரும். ஒரு வாரம் அப்பா பெண்கள் வரிசையில் குடத்தோடு நின்றார். "என்ன அண்ணே, சங்கு குளிக்கிறத விட்டுட்டுக் கொடம் பிடிக்க வந்துட்டிய?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "செடிக்கு நான்தான் வெசம் வச்சேன், நான்தான் கழுவணும்" என்று பதில் சொன்னார். கழுவி முடித்த அன்று, இனி என்ன போடலாம் என்று அவரே கேட்டார். அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வெண்டை போடுவோம். நாப்பத்தஞ்சு நாள்ல காய்க்கும். அது வரைக்கும் நீங்கதான் தண்ணி விடணும்."

"நாப்பத்தஞ்சு நாளா? சரி. அது முடிஞ்சதும் நான் கெளம்பிருவேன், பாத்துக்கோ."

அப்பா தண்ணீர் விடுவதைப் பார்க்கவேண்டுமே. எந்தச் செடிக்கு எவ்வளவு என்பது அவருக்கு மூச்சுக் கணக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு செம்பைச் சாய்ப்பார். மூச்சு விடும்போது செம்பு நிமிரும். வெண்டைக்கு ஒரு மூச்சுத் தண்ணீர், கீரைக்கு அரை மூச்சு. பாத்திகளுக்கு நடுவே இடைவெளி அரைப் பாகம். ஆடி முடிவதற்குள் வெண்டை என் இடுப்பளவு வந்து மஞ்சளாகப் பூத்தது. பூவுக்குள் இருக்கிற அந்தக் கருஞ்சிவப்பை அவர் குனிந்து அவ்வளவு நேரம் பார்ப்பார். கீழே எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து நானும் தேடியிருக்கிறேன்.

வெண்டை காய்க்கத் தொடங்கிய வாரம் அம்மா அவரை விதையை ஊன்றினாள். அன்றைக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். "என்ன மதினி, ஒண்ணு முடியும் முன்ன அடுத்ததப் போடுதிய?"

நான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது.

"ஒரு வருசம் நில்லுங்கன்னு சொன்னா நிக்கிற ஆளா அவரு? நாப்பத்தஞ்சு நாள்னா நிப்பாரு. ஒண்ணு காய்க்கும்போதே இன்னொண்ண ஊனிறணும். அப்படியே சித்திரை வரைக்கும் இழுத்துட்டேன்னா எம் புருசன் எனக்கு மிச்சம்."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அன்னைக்கே வள்ளம் ஏறிருவாரு."

திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. கையைப் பிடித்து, "வாயத் தொறக்கக் கூடாது, என்ன?" என்றாள். தலையாட்டினேன். பிறந்த ஊர் நினைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐப்பசியில் காற்று கிழக்கே திரும்பிக் கொண்டலாக வீச, மழை வந்தது. ஒரே நாள் மழையில் பின்கட்டு குளமாகிவிட்டது. அப்பா வள்ளத்தில் தண்ணீர் இறைப்பது போலத் தகர டப்பாவால் இறைக்க ஆரம்பித்தார். "கெடக்கட்டும், மண்ணுல இருக்க உப்பையெல்லாம் மழை கழுவிட்டுப் போவட்டும்" என்றாள் அம்மா. "செடி மூச்சு முட்டிச் செத்துரும்ளா" என்று அப்பா கத்தினார். மூச்சு முட்டுவதைப் பற்றி அவரிடம் யார் வாதாட முடியும்? கடைசியில் வேருக்கு எட்டாமல் தண்ணீர் வடிய அவர் ஒரு வாய்க்கால் வெட்டினார், உப்பு அதன் வழியாகப் போகட்டும் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். மழையில் நனைந்தபடி இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வெட்டியதை வாசல்படியில் அவித்த கிழங்கைத் தின்றுகொண்டு பார்த்தேன். அந்தக் கிழங்கின் ருசி பிறகு எந்தக் கிழங்கிலும் கிடைக்கவில்லை.

மழை விட்டதும் மண் வேறு மண்ணாகிவிட்டது. பூவரச மரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் நடுவே அப்பா பழைய மீன் வலையை இழுத்துக் கட்டினார். அதில் அவரையும் பாகலும் ஏறின. மார்கழிப் பனியில் அவரை ஊதாவாகப் பூத்துக் குலுங்கியது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் குடிலில் குழந்தை இயேசுவை அவரைப் பூவுக்குள்ளே படுக்கவைத்திருந்தோம். மாதா கோவிலிலிருந்து பார்க்க வந்த சாமியார், குடிலை ஒரு நிமிஷமும் பந்தலை அரை மணி நேரமும் பார்த்துவிட்டு, ஒரு பை அவரைக்காயோடு போனார்.

ஒரு நாள் விடியலில் எழுந்து போனால், அப்பா பந்தலுக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்காத காது தெருப்பக்கம் இருந்தது.

"என்னப்பா பண்ணுதிய?"

"ஒண்ணும் பண்ணல மக்கா." பந்தலைப் பார்த்தபடியே சொன்னார். "அடியில போனா ஒரு சத்தமும் இருக்காது. மேல சம்மாட்டி கத்துதது, கடன்காரன், காய்ச்சல் ஒண்ணும் அங்கன வராது. ஆனா மூச்சு தீந்ததும் வந்துரணும். இங்கன பாரு, மூச்சு முட்டல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைவிட, பிடிக்கவில்லை என்பதே உண்மை. என் அப்பா எட்டுப் பாகம் இறங்குகிற அப்பா. கவிழ்த்த வாளியில் உட்காருகிற அப்பா எனக்கு எதற்கு?

தை பிறந்தது. வாடைக் காற்று தணிந்து, கடல் தெளிந்தது. சம்மாட்டி வீட்டுக்கே வந்துவிட்டார். பின்கட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஏலே, தண்ணி தெளிஞ்சு அடி வரைக்கும் தெரியுது. என்னைக்கு வார?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பாகல் இப்பத்தான் பூ வச்சிருக்கு அண்ணாச்சி. ஒரு மாசம் போவட்டும்."

சம்மாட்டி சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். அப்பா சிரிக்கவில்லை. "சொல்லி அனுப்புதேன்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "ஒங்க அப்பாவுக்குக் கடலக் கண்டா பயமாம், பாகக்காய்க்குக் காவல் இருக்காராம்" என்றாள் ஒருத்தி. அவள் சடையை நான் இழுத்தேன், என் ரிப்பனை அவள் கிழித்தாள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால், அப்பா பந்தலடியில் நின்று, "பாகல்ல வண்டு விழுந்திருக்கு, கொஞ்சம் பிடிச்சுப் போடு மக்கா" என்கிறார். எனக்கு வந்த கோபம்.

"பாகலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒங்களக் கடலுக்கு விடாம இருக்கத்தான் அம்மா மாசத்துக்கு ஒண்ணா வெதைக்கா. அத்தைகிட்டச் சொன்னா, நான் கேட்டேன்."

அப்பா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எல்லாச் செடிக்கும் தண்ணீர் விட்டார். மூச்சுப் பிடிக்காமல், சாதாரணமாக விட்டார்.

காலையில் எழுந்தபோது அவர் பாய் சுருட்டியிருந்தது. தண்ணீருக்குள் போடுகிற கண்ணாடி தொங்கும் ஆணி காலி. அம்மா அந்த ஆணியைப் பார்த்த மாத்திரத்தில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். வள்ளங்கள் போயாகிவிட்டது. தூரத்தில் பாய்கள் மட்டும் தெரிந்தன. அங்கேயே மணலில் நின்று நான் சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அவள் அடிக்கவில்லை.

"வா, செடிக்குத் தண்ணி விடணும்" என்றாள்.

அன்றைக்கு அம்மா தண்ணீர் விட்டதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அப்பாவைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு செம்பைச் சாய்த்தாள். வெண்டைக்கு ஒரு மூச்சு, கீரைக்கு அரை மூச்சு. ஒரு செடியையும் விடவில்லை. முடித்துவிட்டுத் திரும்ப முதல் பாத்திக்கே வந்தாள். மேல எது கீழ எதுன்னு தெரியாது என்று டாக்டர் சொன்னது என் காதில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்படிப் பயந்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். பாகல் வண்டுகளை ஒன்று விடாமல் பிடித்தேன்.

மத்தியானம் தாண்டி, வாசல் கதவு திறந்தது. அப்பா. சட்டை உலர்ந்திருந்தது, தலை உலர்ந்திருந்தது. தோளில் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு தென்னம்பிள்ளை. நேராகப் பின்கட்டுக்கு வந்து அதை இறக்கினார்.

"எங்க போனிய?" என்றாள் அம்மா.

"ஆத்தூருக்கு. மொத பஸ்ஸு. கண்ணாடிய வழியில சம்மாட்டிகிட்டக் குடுத்துட்டேன், வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லி." கடப்பாரையை எடுத்து, வெயில் விழுகிற கிழக்கு மூலையில் நின்றார். "ஏளா, இது காய்க்க எத்தன வருசம் ஆவும்?"

அம்மா தென்னம்பிள்ளையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆறு வருசம். இந்த மண்ணுக்கு ஏழுகூட ஆவும்."

"பெறவு என்னத்துக்கு மாசம் மாசமா வெதச்சுக்கிட்டுக் கெடந்த? இதையே மொதல்ல வச்சிருக்கலாம்லா."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மொதல்லயே வச்சிருந்தா நின்னிருப்பியளா?"

அப்பா யோசித்தார். சமாதானத்துக்குச் சொல்லவேண்டும் என்று இல்லாமல், நிஜமாகவே யோசித்தார்.

"நின்னிருக்க மாட்டேன்" என்றார். கடப்பாரையை ஓங்கி இறக்கினார்.

மூன்றடி போதும் என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று தடவை சொன்னாள். ஆனால் அவள் நின்றது அவருடைய இடது காதுப் பக்கம். அப்பா பாட்டுக்கு வெட்டிக்கொண்டே, இடுப்பளவுக்கு இறங்கிவிட்டார்.